சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

அன்று காலை சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம், சுந்தரி அன்ரி கட்டி வைத்திருந்த தோசைப் பொட்டலத்தைச் செருப்பு அலமாரியின் மேல் விட்டுவிட்டு நான் லிப்டுக்கு ஓடியது. என் இரண்டு கைகளிலும் அட்டைக் கிரீடங்கள் இருந்தன. கத்தரிக்காய்க்கு ஊதா, வெண்டைக்காய்க்குப் பச்சை, பூசணிக்கு மஞ்சள். லிப்ட் கதவு மூடும்போது அன்ரியின் மகள் அனுப்ரியா கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று பொட்டலத்தை ஆட்டிக் காட்டினாள்.

"அக்கா, தோசை லா. அம்மா வந்து என்னைத்தான் ஏசுவாங்க."

வந்து சாப்பிடுகிறேன் என்று தலையை ஆட்டினேன். போனையும் சமையலறையில் சார்ஜில் விட்டுவிட்டேன் என்பது பிடோக்கில் நான் வேலை செய்த பாலர் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அங்கே பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நாங்கள் போனைத் தொடக்கூடாது, பெட்டியில் பூட்டிவிட வேண்டும். ஆகவே அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

நான் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்திலிருந்து சிங்கப்பூர் போனவள். அங்கே ஒரு சங்கம், தமிழ் சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளிகளுக்கு உதவியாசிரியர்களாக வெளிநாட்டு இளம் பெண்களை ஆறு மாதத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது. சம்பளம் கிடையாது. தங்குவதற்கு வீடுகள் தருவார்கள், இரண்டிரண்டு மாதமாக மூன்று குடும்பங்கள். முதல் இரண்டு மாதம் மார்சிலிங்கில் சரோஜினி அன்ரியும் இராஜரத்தினம் அங்கிளும் வைத்துப் பார்த்தார்கள். சங்கத்தின் வேலைகளைக் கவனித்ததும் சரோஜினி அன்ரிதான். அவருடைய தாத்தா சாவகச்சேரியிலிருந்து கிளார்க் வேலைக்கு வந்தவராம். எங்கள் ஊர்ப் பேச்சில் அவருக்கு மிஞ்சியிருந்தது 'சொதி' என்ற ஒரு சொல் மட்டும்தான்.

பிறகு தோ பாயோ. பன்னிரண்டாம் மாடியில் கோவிந்தசாமி அங்கிள், சிவகாமசுந்தரி அன்ரி, பாலிடெக்னிக்கில் படிக்கும் அனுப்ரியா. அங்கிள் பஸ் ஓட்டுகிறவர். அவர்கள் ஊரில் சாரதி என்றோ டிரைவர் என்றோ சொல்வதில்லை, கேப்டன் என்கிறார்கள். அன்ரி டெக்கா மார்க்கெட்டில் ஒரு காய்கறிக் கடையில் வேலை பார்த்தார். விடிவதற்கு முன் எழுந்து, எங்களுக்குத் தோசை சுட்டு வைத்துவிட்டு, முதல் ரயிலில் போய்விடுவார். முருங்கைக்காயை ஒரே நீளத்தில் அடுக்கிக் கட்டுவது, வாழைப்பூவில் கறுத்த மடலை உரிப்பது, கறிவேப்பிலையை ஈரத் துணியில் சுருட்டுவது அவருடைய வேலை. பத்து மணிக்குத் திரும்பும்போது கையில் மீன் இருக்கும். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் விரல் நுனிகள் வாழைக் கறையில் கறுத்தே கிடக்கும்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதற்குள் எனக்கு முன்னால் அங்கே தங்கிப் போன பெண்கள் கொடுத்தவை நின்றன. மதுரைக்காரி ஒருத்தி கொடுத்த சுண்ணாம்புப் பொம்மை, மொரீஷியஸ் பெண் கொடுத்த பாய்மரக் கப்பல். நான் பனையோலைப் பெட்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன். அன்ரி அதை நடுவில் வைத்தார். விருந்தாளி யாராவது வந்தால் அலமாரியைத் திறந்து, "இதெல்லாம் என் பிள்ளைங்க குடுத்தது" என்பார். அனுப்ரியா கண்ணை உருட்டுவாள்.

"நான் ஒண்ணும் குடுக்கல. அதான் உள்ள எடமில்ல."

"நீ முதல்ல உன் தட்டைக் கழுவிக் குடு. அதைத் தூக்கி உள்ள வைக்கிறேன்."

என் அப்பாவும் பஸ் சாரதி. பருத்தித்துறை வீதியில் ஓடி ஓடி ஓய்வு பெற்றவர். இரண்டு பேரும் ஒரே தொழில் என்று தெரிந்ததிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அம்மாவோடு நான்கு வார்த்தை பேசுவதற்குள் அப்பா கேட்பார், "எங்க, கேப்டன் ஐயா நிக்கிறாரோ?"

அங்கிள் பனியனோடு வந்து போனை வாங்கிக்கொள்வார்.

"உங்கட பஸ்ஸில கியர் இல்லையாமே?"

"ஆட்டோ கியர்ண்ணே. இடது காலுக்கு வேலையே இல்ல."

"அப்ப நித்திரை வராதோ?"

"வரும். அதுக்குத்தான் கேமரா வச்சிருக்கான். மூஞ்சியப் பாத்துக்கிட்டே இருக்கும்."

"குடுத்து வச்சனீங்கள். என்ர மூஞ்சையை என்ர மனுசியே பாக்கமாட்டா."

பின்னாலிருந்து அம்மா ஏதோ சொல்வது கேட்கும். அங்கிள் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஓடிவருகிற ஆளுக்காக நிறுத்துவீர்களா என்று ஒருமுறை அப்பா கேட்டார். கதவு மூடி வண்டி நகர்ந்துவிட்டால் திறக்கக்கூடாது என்று அங்கிள் சொன்னது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். அப்பா அதை அடிக்கடி சொல்வார்: "ஓட்டத்தில நிக்கிற ஆளைக் கூப்பிடக்கூடாது." வேலைநேரத்தில் அம்மா அழைத்தால் அவர் போனை எடுக்கவே மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். நான் படித்துக்கொண்டிருந்தால் தேத்தண்ணிக்குக்கூடக் கூப்பிடாமல் வாசலில் வந்து நிற்பார்.

அங்கிளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. நான் கிரீடம் வெட்டிக்கொண்டிருக்கும்போது அன்ரி வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டால், "சுந்தரி, பிள்ளை ஓட்டத்தில நிக்கிது, கூப்பிடாத" என்று எங்கள் ஊர்ப் பேச்சை இழுத்துச் சொல்வார்.

ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கு என் வகுப்புப் பிள்ளைகள் காய்கறிச் சந்தை போட்டார்கள். 'மரக்கறி' என்று நான் எழுதிக் கொடுத்திருந்ததை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

"டீச்சர், மரத்துல கறி எப்படி வரும்?" என்றான் ரித்திக். ஆறு வயது, கத்தரிக்காய் வேடம்.

"சரி, காய்கறி எண்டே சொல்லுங்கோ."

"டீச்சர் ஓம் ஓம்னு சொல்றாங்க, சாமி கும்பிடுற மாதிரி" என்றாள் வெண்டைக்காய். அவள் பெயர் வர்ஷா. ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஓம்தான்.

அன்று மேடையில் பூசணிக்காய் தன் வசனத்தை மறந்து அம்மாவுக்குக் கையசைத்தது. அதைப் பார்த்து வெண்டைக்காயும் கையசைத்தது. கத்தரிக்காய் மட்டும் யாரையும் பார்க்காமல் தன் வசனத்தோடு மற்ற எல்லோருடைய வசனத்தையும் சேர்த்துச் சொல்லி முடித்தது. மண்டபம் கைதட்டியது. திரைக்குப் பின்னால் முழங்காலில் நின்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அங்கே இருந்த வேறு நாள் நினைவில் இல்லை. அந்த நேரத்தைத்தான் பின்னால் பலமுறை எண்ணிப் பார்த்தேன். நான் சிரித்தபோது யாழ்ப்பாணத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று.

நடந்தது இது. காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கட்டிலில் கிடந்தபடி நல்லாகப் பேசியிருக்கிறார். பிள்ளையோடு ஒருக்கால் கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மா என் எண்ணுக்கு அழைத்தார். தோ பாயோவில் அங்கிளுக்கு அன்று ஓய்வு நாள். சமையலறையில் அடித்துக்கொண்டேயிருந்த என் போனை அவர் எடுத்தார். அன்ரி டெக்காவிலிருந்து வந்து, தொட்டியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் போனைப் பற்றி அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டாவது போனும் வந்திருந்தது.

மழையில் நனைந்து நான் வீட்டுக்கு வந்தபோது மணி அடிப்பதற்கு முன்பே அன்ரி கதவைத் திறந்தார்.

"வா மா. தலையத் துவட்டு. கை கழுவிட்டு உக்காரு."

"அன்ரி, இண்டைக்குக் கத்தரிக்காய் என்ன செய்ததெண்டு தெரியுமோ?"

"சாப்பிட்டுக்கிட்டே சொல்லு."

மேசையில் இலை போட்டிருந்தது. வார நாளில் அந்த வீட்டில் இலை போட மாட்டார்கள். நிகழ்ச்சி நாள், அதற்காக என்று நினைத்துக்கொண்டேன். பத்தாங் மீன் குழம்பு. எங்கள் ஊரில் அதை அறுக்குளா என்போம், எனக்கு உயிர் என்று அன்ரிக்குத் தெரியும். நடுத்துண்டுகளாகப் பார்த்து இரண்டு வைத்தார். பொரித்த துண்டு ஒன்று. மீன் சினையைத் தனியாக வதக்கி வைத்திருந்தார், அதையும் வைத்தார். நான் கதை சொல்லச் சொல்ல அங்கிள் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காமல், பூசணிக்காயின் அம்மா யார் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது சிரித்தார்.

"நீங்கள் சாப்பிடேல்லையோ அன்ரி?"

"நான் அப்புறம் சாப்பிடுறேன். நீ சாப்பிடு."

"அனு?"

"அவளுக்கு வயிறு சரியில்ல."

அனுப்ரியா அறைக் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள். கதவை மூடிக்கொண்டாள். அவர்களுக்குள் ஏதோ சண்டை என்று எண்ணினேன்.

"என்ர போன் எங்க? அம்மாவோட கதைக்கவேணும்."

"சார்ஜ்ல இருக்கு. எங்கயும் ஓடிடாது. சாப்பிட்டு முடி."

காலையும் சாப்பிடவில்லை, நல்ல பசி. இன்னொரு கரண்டி சோறு கேட்டேன். குழம்பு கேட்டேன். அன்ரி இரண்டு கரண்டி ஊற்றினார். இலையை வழித்துச் சாப்பிட்டேன். நல்லாயிருக்கு என்று இரண்டு தடவை சொன்னேன். கை கழுவும்போது அன்ரி துவாயோடு பின்னால் நின்றார். துடைத்த கையை அவர் விடவில்லை.

"தனு. இப்படி உக்காரு மா."

அவர் சொல்லி முடித்தபோது என் வாயில் மீனின் சுவை இருந்தது.

பிறகு குளியலறையில் அன்ரி தன் கையாலேயே என் தலையில் தண்ணீர் ஊற்றினார். சாவுச் செய்தி கேட்டால் தலை முழுக வேண்டும். சாப்பிடக்கூடாது, மீன் முப்பத்தோராம் நாள் வரை கூடாது. இதெல்லாம் எங்கள் வீட்டிலும் உள்ளதுதான். அதனால்தான் முதலில் சோறு போட்டார். அதனால்தான் நடுத்துண்டு. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தபோதே அது எனக்கு விளங்கிவிட்டது. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

சரோஜினி அன்ரி விமானச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். கோவிந்தசாமி அங்கிள் டாக்சியின் முன் சீட்டில் உட்கார்ந்து விமான நிலையம் வரை வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வந்த வண்டி ஹார்ன் அடித்தது. தொழில் பழக்கம், உடனே விலகி நின்றுவிட்டார்.

எனக்காக அப்பாவை வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். பேசத்தான் முடியவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பின் ஒரு பின்னேரம், அம்மா கிணற்றடியில் சட்டி தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"உன்னோட கதைக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவர்."

"எப்ப?"

"காலமை. ஆஸ்பத்திரியில. நான் உனக்கு எடுத்தனானெல்லே. அந்த ஐயா எடுத்தவர். பிள்ளை பள்ளிக்கூடத்தில நிக்கிது, வந்தவுடன எடுக்கச் சொல்லுறன் எண்டவர்."

"அப்ப அப்பா கதைச்சுக்கொண்டிருந்தவரோ?"

"நல்லாக் கதைச்சவர். சேலைன் போட வந்த பிள்ளையோடயும் பகிடி விட்டவர்." அம்மா சட்டியைக் கவிழ்த்தார். "அந்த மனுசி பின்னால நிண்டு சொன்னது எனக்குக் கேட்டது. காலமையும் சாப்பிடாமப் போன பிள்ளை, வந்து சாப்பிடட்டும், பிறகு சொல்லுவம் எண்டு."

நான் கிணற்றில் வாளியை இறக்கினேன்.

"நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றார் அம்மா. பிறகு நெடுநேரம் அந்தச் சட்டியையே தேய்த்தார். அது ஏற்கெனவே கழுவிய சட்டி.

பாலர் பள்ளியிலிருந்து ஒரு நிமிடம் பேசியிருக்கலாம். அலுவலகத்துக்கு ஒரு அழைப்பு வந்திருந்தால் போதும், திரைக்குப் பின்னாலிருந்து என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அன்றிலிருந்து படுத்தால் எனக்கு அந்த இலைதான் வந்தது. இன்னொரு கரண்டி சோறு கேட்ட என் குரலும். அன்ரியை நினைத்தால் கோபம் வரும். உடனே, வழித்துச் சாப்பிட்டவள் நான்தானே என்று வரும்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் திரும்பிப் போனேன். என் பொறுப்பு இன்னும் முடியவில்லை, அம்மாவும் போ என்றார். சரோஜினி அன்ரி என்னை மார்சிலிங்குக்கு அழைத்துப் போனார்.

"தோ பாயோல உன் டைம் முடிஞ்சுது. அடுத்த ஃபேமிலி பிடோக்ல ரெடி. நீ அந்த வீட்டுப் பக்கமே போக வேணாம். கோவிந்தசாமியே உன் துணிப் பெட்டியக் கொண்டுவந்து குடுத்துருவார்."

இராஜரத்தினம் அங்கிள் பத்திரிகையைத் தாழ்த்தி, "அவங்க வேணும்னு செய்யல, சரோ" என்றார்.

"வேணும்னு செய்யலங்கிறதுனால என்ன? ஸ்கூலுக்கு ஒரு கால் அடிச்சிருந்தா நானே டாக்சியில போயிருப்பேன். உங்கம்மா சொல்லித்தானே நமக்கே தெரிஞ்சுது." என் பக்கம் திரும்பினார். "நான் கமிட்டியில சொல்லிட்டேன் தனு, இனிமே அந்த வீட்டுக்குப் பிள்ளைங்கள அனுப்ப வேணாம்னு. ஆனா உன்னையக் கேக்காம முடிவு பண்ண மாட்டாங்க. நீ என்ன சொல்றியோ அதான்."

அந்தக் கண்ணாடி அலமாரிதான் உடனே என் கண்ணில் வந்தது. பெட்டியை நானே போய் எடுக்கிறேன் என்றேன்.

அனுப்ரியா கதவைத் திறந்தாள். கட்டிப்பிடித்தாள். பிறகு காதருகில் சொன்னாள்: "அம்மா உங்ககூடவே முப்பத்தோரு நாளு மீன் சாப்பிடல. டாடியும் அம்மாவும் பேசிக்கிறதில்ல. டாடி எப்பவும் மார்னிங் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறாரு. அம்மா எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடுறாரு, வந்ததும் தூங்கிடுறாரு. நான் நடுவுல போஸ்ட்மேன். 'டாடிகிட்ட கேஸ் தீந்துருச்சுன்னு சொல்லு.' ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருப்பாங்கக்கா."

"நீ என்ன சொன்னனீ?"

"அன்னைக்கே சொன்னேன், கூப்பிடுங்கம்மான்னு. கத்தி சொல்லல." அவள் தரையைப் பார்த்தாள். "அதான் ரூமுக்குள்ள போயிட்டேன்."

அன்ரி சமையலறையில் கீழே உட்கார்ந்து முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். கடை வேலையை வீட்டுக்கும் கொண்டுவரத் தொடங்கியிருந்தார் போலிருக்கிறது. எழுந்திருக்கவில்லை.

"முதல்ல ஒரு போன் வந்துச்சு தனு."

"தெரியும் அன்ரி. அம்மா சொன்னவ."

அவர் கை நின்றது. பிறகு இன்னொரு முருங்கைக்காயை எடுத்து நீளம் பார்த்தார்.

"அவரு, ஸ்கூலுக்குப் போன் பண்றேன்னாரு. நான்தான் வேணாம்னேன். கையெல்லாம் மீன் ரத்தம். அவரு கையிலேருந்து போனப் புடுங்கவும் முடியல, வாயாலயே தடுத்தேன். பிள்ளை பசியோட இருக்கும், பேசுற மனுசன்தானே, பேசுறவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. நெஞ்சு வலின்னு நம்மூர்லயும் எத்தனை பேரு போயிட்டு மறுநாள் நடந்து வராங்க. அப்படித்தான் நெனச்சேன். ரெண்டாவது போன் வந்தப்ப குழம்பு கொதிச்சிக்கிட்டிருந்துச்சு." நாரை இறுக்கி முடிந்தார். "அதுக்கப்புறமும் உனக்குப் போட்டேன் பாரு. சினைய வதக்கினேன். செய்தி தெரிஞ்ச பிறகுதான் வதக்கினேன்."

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பரவாயில்லை என்பது உண்மையில்லை. ஒரு பிடி முருங்கைக்காயை எடுத்து அடுக்கிக் கொடுத்தேன். அவர் வாங்கிக் கட்டினார். அப்படியே சில கட்டுகள் ஆயின.

பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே வந்தபோது அங்கிள் அடுக்குமாடிக்குக் கீழே கல் மேசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். நான் வருகிறேன் என்று அனுப்ரியா செய்தி அனுப்பியிருந்தாளாம். பெட்டியை வாங்கிக்கொண்டார். ரயில் நிலையம் வரை நடந்தோம். கோயிலைத் தாண்டியதும் பேசினார்.

"சுந்தரி என்ன சொன்னா?"

"தான்தான் தடுத்ததெண்டு சொன்னா."

"அவ அப்படித்தான் சொல்லுவா. போன் என் கையில இருந்துச்சு மா. அவ வாய்தான் பேசுச்சு. நெனச்சிருந்தா நான் அடிச்சிருக்கலாம். அது என் மேலதான்." பெட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். "இன்னொண்ணும் இருக்கு. சொன்னா சாக்குச் சொல்றேன்னு நெனப்ப."

"சொல்லுங்கோ அங்கிள்."

"உங்கம்மா போன அண்ணன்கிட்ட குடுத்தாங்க. அவரு பேசினாரு. பிள்ளை எங்கன்னு கேட்டாரு. மேடையில நிக்குதுண்ணே, கூப்பிடவான்னு கேட்டேன்." அவர் நின்றுவிட்டார். "ஓட்டத்தில நிக்கிது, கூப்பிடாதேங்கோன்னாரு."

அப்பாவின் குரலிலேயே இருந்தது அந்தச் சொல், இழுப்பு உட்பட.

"அன்ரிக்குத் தெரியுமோ இது?"

"சொல்லல."

"ஏன்?"

"அன்னைக்கு அவகிட்டச் சண்டை போட்டேன். உன்னாலதான்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் இதச் சொன்னா நம்புவாளா? நான் அவளச் சமாதானம் பண்றதுக்குக் கட்டின கதைன்னுதான் சொல்லுவா."

எனக்கும் அதே சந்தேகம்தான். அப்பா அதைச் சொல்லக்கூடியவர். அங்கிளும் அதைச் சொல்லத் தெரிந்தவர், வாரா வாரம் அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்தவர். பின்னொரு நாள் அம்மாவிடம் கேட்டேன், போனை அப்பாவிடம் கொடுத்தீர்களா என்று. "ஆர் கண்டது, போன் கைமாறிக்கொண்டு திரிஞ்சது, நான் டொக்டரைப் பாக்க ஓடினனான்" என்றார். அதற்கு மேல் கேட்க ஆளில்லை.

ரயில் நிலைய வாசலில் பெட்டியை என்னிடம் தந்துவிட்டு அங்கிள் நின்றார். நான் படியிறங்க வேண்டியதுதான். அவர் திரும்பிப் போக வேண்டியதுதான். போனால் அவர் அந்த வீட்டில் நேராகப் படுக்கைக்குப் போவார், அவர் மனைவி முருங்கைக்காய் கட்டுவார். அங்கிள் வைத்திருக்கும் ஒரு சொல் அன்ரிக்குப் போய்ச் சேராது. அது உண்மையா பொய்யா என்பது அப்போது எனக்கு இரண்டாவதாகத் தோன்றியது.

"அங்கிள், அன்ரியிட்ட நான் சொல்லுறன்."

"என்னன்னு?"

"அப்பா சொன்னதெண்டு."

"நீ நம்புறியா?"

 பெட்டியைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

அங்கிருந்தே சரோஜினி அன்ரிக்கு அங்கிளின் முன்னால் போன் எடுத்தேன். மிச்ச நாளையும் தோ பாயோவிலேயே இருக்கிறேன், கமிட்டியில் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஏன் தனு? அவங்க ஏதும் சொன்னாங்களா?"

"இல்லை அன்ரி. பெட்டி சரியான பாரம். பிடோக் வரைக்கும் தூக்கேலாது."

 அவர், "அந்த ஊர்ப் பிடிவாதம் எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்று வைத்துவிட்டார்.

அன்ரியிடம் அன்று மாலையே சொன்னேன். அம்மாவும் ஆஸ்பத்திரியில் கேட்டதாக ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கூடத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். அனுப்ரியாவைத் தூது விடாமல் நேராகவே கேட்டார்.

"உங்களுக்குச் சோறு இப்ப போடவா, குளிச்சிட்டா?"

"குளிச்சிட்டு" என்றார் அங்கிள்.

அவ்வளவுதான் பேசினார்கள். நம்பினாரா என்று தெரியாது. மீன் மட்டும் நான் அங்கே இருந்தவரை அந்த அடுப்பில் ஏறவில்லை. ஒரு சனிக்கிழமை நானே டெக்காவுக்குப் போய் பத்தாங் வாங்கி வந்தேன். அன்ரி வாங்கிப் பார்த்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், நல்ல மீன் என்றார். பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிறகு இரண்டு பெண்கள் அந்த வீட்டில் தங்கிப் போயிருக்கிறார்கள். பினாங்குக்காரி ஒருத்தி, கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி. அலமாரியின் படம் அனுப்பினாள் அனுப்ரியா. பனையோலைப் பெட்டி நடுவிலேயே இருந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும்போது போனை மறக்காமல் எடுத்தார்களா என்று அன்ரி லிப்ட் வரை வந்து பார்க்கிறாராம். எது நடந்தாலும் முதலில் பிள்ளைக்குப் போன், அப்புறம்தான் அடுப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் சட்டம் போட்டிருக்கிறாராம்.

நான் இப்போது கொடிகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூர் எண் வரும். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்காருவார். அன்ரி முதலில் கேட்பது ஒன்றுதான்.

"சாப்பிட்டியா மா?"

ஆரம்பத்தில் ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப சாப்பிட்டுட்டுக் கூப்பிடு" என்று வைத்துவிட்டார். அன்று அடுப்பில் சோறு வேகும்வரை நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டு, கை கழுவி, திரும்ப எடுத்தபோது, அனுப்ரியாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதுதான் செய்தி.

அதற்குப் பிறகு, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓம் அன்ரி என்று சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்தி வரும் என்று காத்திருக்கிறேன்.

அவர் கேட்பது இன்னும் மாறவில்லை.